திட்ட ஆளில்லாத ஊர்

அந்த ஊர் அவளை ஒதுக்கி வைக்கவில்லை. ஒதுக்கி வைத்திருந்தால் என் வேலை சுலபமாக இருந்திருக்கும். ஒதுக்குகிறவர்களோடு சண்டை போட எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் வேறு எதைக் கற்றேனோ இல்லையோ, அதைக் கற்றிருக்கிறேன். அந்த ஊர் அவளைப் பத்திரமாக வைத்துக்கொண்டது. அதுதான் எனக்குப் பைத்தியம் பிடிக்க வைத்தது.

நான் உத்திரமேரூரில் ஒரு சின்ன விடுதியில் வேலை பார்க்கிறேன். வீட்டில் அடிபட்டு, இனி முடியாது என்று கிளம்பி வரும் பெண்கள் அங்கே தங்குவார்கள். காயம் ஆறும்வரை, கேஸ் ஒரு வழிக்கு வரும்வரை, சில பேர் நிம்மதியாகத் தூங்கக் கற்றுக்கொள்ளும்வரை. பிறகு ஊருக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்புகிற பாதிதான் என் பொறுப்பு. கூட்டிக்கொண்டு போய் விடுவது, அம்மா வீட்டில் பேசுவது, கைக்கு ஒரு வேலை பிடித்துக் கொடுப்பது, கொஞ்ச நாளைக்கு அடிக்கடி போய் எட்டிப் பார்ப்பது. அதற்காக விடுதியின் பெயர்ப்பலகையை முன்னால் மாட்டிய ஒரு ஸ்கூட்டி கொடுத்திருக்கிறார்கள். அதில் ஹாரன் வேலை செய்யாது. உனக்கு எதற்கு ஹாரன், உன் தொண்டையே போதும் என்று ஆபீஸில் கிண்டல் செய்வார்கள்.

அவள் திருப்புலிவனம் தாண்டி உள்ளே போகும் ஒரு ஊர்க்காரி. ஊர் பெயர் வேண்டாம். காலனியில் வீடு. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்கு நடவு, களையெடுப்பு, அது இல்லாத நாளில் நூறு நாள் வேலை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேன் ஓட்டுகிற ஒருவனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு அடிப்பான் என்று சொன்னால் குடியின் மேல் பழி போய்விடும். குடிக்காத நாளிலும் அடித்தான். ஒவ்வொரு அறைக்கும் பின்னால் "கேக்குதா?" என்று கேட்பானாம். கேட்குது என்று அவள் சொல்ல வேண்டும். எப்போதும் இடது கன்னம். ஒரு நாள் அந்தப் பக்கத்துக் காதில் சத்தமே நின்று போனது. அதற்கப்புறம், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று அதற்கும் அடி. அப்போதுதான் கிளம்பி வந்தாள்.

விடுதியில் சாப்பிட உட்காரும்போது வரிசையின் இடது ஓரத்தில்தான் உட்காருவாள். அப்படி உட்கார்ந்தால் எல்லாரும் நல்ல காதின் பக்கம் இருப்பார்கள். முதல் வாரம் முழுக்க எதைக் கேட்டாலும் சரி. சோறு போதுமா, சரி. இந்தக் கட்டில் பரவாயில்லையா, சரி. எங்களிடம் வருகிற எல்லாரும் இப்படித்தான் இருப்பார்கள். எல்லாவற்றுக்கும் சரி சொல்லிச் சொல்லியே உயிரைக் காப்பாற்றிக்கொண்டு வந்தவர்கள். அவர்கள் முதல் முறையாக யாரையாவது முறைக்கும் நாளுக்காக நான் காத்திருப்பேன். இவள் முறைத்தது ஒரு சாம்பார் விஷயத்தில். "இதுல உப்பும் இல்ல, ஒன்னும் இல்ல. யாரு மனுஷன் துன்றது இத்த?" என்று தட்டைத் தள்ளினாள். சமையல்கார அம்மா பதிலுக்குக் கத்தினார். இவளும் விடவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் ரெண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அதன் பிறகு டிவி சீரியலுக்கு, குளியலறை முறைக்கு, ஜன்னலைச் சாத்துவதற்கு என்று அவள் சண்டை போடாத நாளே கிடையாது. இவள் தேறிவிட்டாள், ஊருக்குப் போகலாம் என்று சொன்னது நான்தான்.

போவதற்கு முன்னால் ஊரில் ஒரு கூட்டம் போடலாம் என்றார் எங்கள் தலைவி. அவர் நல்ல மனுஷி. ஆனால் எந்தச் சிக்கலுக்கும் ஒரு கூட்டம், ஒரு பேனர், மைக் செட் என்று யோசிக்கிறவர். பேசுவதற்கு ஒரு போலீஸ் அம்மாவைக் கூப்பிட்டார். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப் போவதில்லை. அந்த அம்மாவும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை, அதனால்தான் இன்னும் எரிச்சல். காலனிப் பெண்கள் தரையில், ஊர்ப் பெரியவர்கள் நாற்காலியில். போலீஸ் அம்மா மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"அந்தப் பொண்ணு பட்டது போதும். இனிமே அவ மனசு நோவற மாதிரி இந்த ஊர்ல யாராவது ஒரு வார்த்த பேசுனீங்கன்னு என் காதுக்கு வந்துச்சு, ஆம்பள பொம்பளன்னு பாக்க மாட்டேன். கேஸ்தான்."

தலைவி கை தட்டினார். நான் அவர் புடவையைப் பிடித்து இழுத்தேன். "மேடம், இப்படிப் பயமுறுத்தினா அவகிட்ட யாரும் பேசவே மாட்டாங்க."

"கொஞ்சம் பயம் இருக்கட்டும். நல்லதுதானே?" என்றார்.

கேஸ் என்ற சொல் அந்தத் தெருவில் எப்படி விழும் என்று அவருக்குத் தெரியவில்லை. கேஸ் என்றால் கூலியை விட்டுவிட்டு ஸ்டேஷன் வாசலில் காத்துக் கிடப்பது. வா என்றால் வருவது, போ என்றால் போவது, ஏன் என்று கேட்காமல் இருப்பது. அந்தத் தெருவில் பல வீடுகளில் யாராவது ஒருவர், செய்ததற்கோ செய்யாததற்கோ, அப்படி நின்றவர்தான். அன்றைக்குத் தரையில் உட்கார்ந்திருந்த பெண்களின் முகத்தைப் பார்த்தேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஒரு வார்த்தை என்றால் ஒரு வார்த்தை. அப்படியே பிடித்துக்கொண்டார்கள்.

அவளைக் கொண்டுபோய் விட்ட பிறகு நான் முதல் தடவை போனபோது வாசலில் உட்கார்ந்திருந்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். "ஊரே எனக்கு ம்மா போடுதுக்கா" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. குழாயடிக்குப் போய்ப் பார்த்தால் புரிந்தது. அந்தக் குழாயடி சாதாரணக் குழாயடி அல்ல. தண்ணீர் விடும் நேரத்தில் அங்கே இருக்கும் இரைச்சலில் பஸ் வந்து போனதுகூடத் தெரியாது. என் குடம் முன்னாடி, உன் குடம் பின்னாடி, உன் அப்பன் போட்ட குழாயா என்று எல்லாம் நடக்கும். இவள் குடத்தோடு வந்ததும் யாரோ வாயில் துணி வைத்த மாதிரி எல்லாம் நின்று போனது. வரிசை தானாக ஒதுங்கியது. "நீ புடிம்மா மொதல்ல." சின்ன வயசிலிருந்து வாடி போடி என்று கூப்பிட்டவர்கள். கூடப் படித்தவள் ஒருத்தி இருந்தாள். அவளும் "போம்மா, போய் புடி" என்றாள். இவள் பிடித்துக்கொண்டு போனாள். தெருமுனை திரும்பியதும் பின்னால் மறுபடி இரைச்சல் ஆரம்பித்தது.

நூறு நாள் வேலையிலும் அதே கதை. ஏரிக்கரையில் எல்லாரும் மண் அள்ள, இவளை மட்டும் நிழலில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். "நீ குந்தும்மா, நாங்க பாத்துக்கறோம்." கடையில் மீதிச் சில்லறையை இவள் கையில் எண்ணாமல் திணித்தார்கள். குழந்தைகளை இவள் பக்கம் விடுவதில்லை. ஏதாவது ஏடாகூடமாகக் கேட்டு வைத்தால் கேஸ் ஆகிவிடுமே. அவள் அம்மாகூட மாறிவிட்டாள். ஊரைக் கூட்டும் தொண்டை அந்த அம்மாவுக்கு. இப்போது மகளிடம் மட்டும் ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினாள்.

"எல்லாரும் எங்கிட்ட மெல்லமா பேசறாங்கக்கா" என்றாள் இவள். "எனக்குத்தான் ஒரு காது கேக்காதே. பாதிப் பேச்சு எனக்கு வுழவே இல்ல. திரும்பக் கேட்டா, ஒன்னும் இல்லம்மா, நீ போம்மான்றாங்க. நான் இன்னா பொணமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் கோபப்படுவது? ஒருத்தர் ஒரு தப்புச் சொல் சொல்லவில்லையே. போகிற இடமெல்லாம் நாற்காலி போட்டார்கள், மோர் கொடுத்தார்கள், "நாங்க ஒன்னும் சொல்லல மேடம், நல்லாத்தான் பாத்துக்கறோம்" என்றார்கள். உண்மைதான். நன்றாகப் பார்த்துக்கொண்டு அவளை மெல்ல மெல்ல இல்லாமல் ஆக்கிக்கொண்டிருந்தார்கள்.

மழை பெய்து ஏரி நிரம்பி, நவரைப் பட்டத்துக்கு நாற்று விட்டிருந்த நேரம் அது. நடவுக்கு அங்கே ஆள் பஞ்சம். வயசுப் பெண்களையெல்லாம் காலையில் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நடுவதற்கு வடக்கத்தி ஆண்கள் வந்து இறங்கியிருந்தார்கள். மிஷினும் வந்துவிட்டது. காலனியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெண்கள் செட்டு. அதை நடத்துகிற அம்மா இவளுக்கு அத்தை முறை. ஒல்லியான உடம்பு, வெற்றிலை வாய், அந்த வாயில் வராத சொல் கிடையாது. இவளைச் செட்டில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கப் போனேன். வேலை கிடைக்கும், கூட்டத்தோடு கூட்டமாக இருப்பாள், எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் போனேன்.

"ஆளு வேணுந்தான் மேடம். கை நல்லா வரும் அவளுக்கு, நான் கத்துக் குட்த்ததுதான்" என்றார் செட்டுக்கார அம்மா. "ஆனா நான் சேத்துக்க முடியாது."

"ஏன்?"

"கயினி சேத்துல எறங்கிட்டா எங்க வாயி எங்ககிட்ட இருக்காது மேடம். தள்ளி நட்டா ஏசுவோம். பின்தங்குனா ஏசுவோம். புருஷன் கத, மாமியா கத எல்லாம் வரும். அது இல்லாம இடுப்பு வளையாது. அவ கீறான்னு நாங்க வாயக் கட்டிக்கினு நட முடியுமா? வுட்டுட்டு ஒரு பேச்சு வந்துச்சுன்னா கேஸு. அந்தப் போலீஸம்மா சொன்னத நீங்களும்தான் கேட்டுக்கினு இருந்தீங்க."

"அதெல்லாம் யாரும் கேஸ் போட மாட்டாங்க. நான் பொறுப்பு."

"நீங்க பொறுப்பு மேடம். ஸ்டேஷன்ல போய் குந்தப் போறது நானு."

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் தப்பென்று எடுக்க முடியாது.

போலீஸ் அம்மாவிடமே போனேன். நீங்கள் ஒரு தடவை வந்து, சாதாரணமாகப் பழகுங்கள், திட்டினாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தப் பொண்ணைத் திட்டுங்கன்னு நான் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வந்து மீட்டிங் போடணுமா? வேற வேலை இல்லையா உங்களுக்கு?" என்றார். அவர் பக்கம் நின்று பார்த்தால் அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. எல்லார் பக்கமும் நியாயம் இருந்தது, அதுதான் என் தலையெழுத்து. தலைவியிடம் போய்க் கத்தினேன். "ஊர்ல இருந்து ஒரு புகார்கூட வரலையே? இதைவிட நல்லா எங்க நடந்திருக்கு? அவளுக்குக் கொஞ்சம் டைம் கொடு" என்றார். டைம் என்ற சொல்லை இந்த ஆபீஸில் தடை செய்ய வேண்டும் என்று அப்போது தோன்றியது. கொடுப்பதற்கு எங்களிடம் வேறெதுவும் இல்லாதபோது டைமைக் கொடுக்கிறோம்.

டைம் அவள் புருஷனிடமும் நிறைய இருந்தது. அவன் போன் பண்ண ஆரம்பித்தான். முதலில் மாமியாருக்கு. பிறகு சொந்தக்காரர் ஒருவர் மூலம் ஒரு புடவை வந்தது. குடியை விட்டுவிட்டேன், தை பிறந்ததும் பெரியவர்களோடு வந்து முறைப்படி கூட்டிக்கொண்டு போகிறேன் என்றானாம். அம்மா பாதி மனசாக இருந்தாள். மகள் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை அவளுக்கு. அதுகூட எனக்குப் புரிந்தது. இவள் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது.

"போயிடலாம்னு கீதுக்கா."

"எங்க?"

"அங்கத்தான். அங்க போனா திட்டறதுக்காவது ஒரு ஆளு கீது."

நான் கத்திவிட்டேன். ஊரே இவளிடம் ஒரு சொல் சொல்லப் பயந்துகொண்டிருக்க, தெருவில் நின்று நான் கத்தினேன். ஒரு காது போனது போதாதா, இன்னொன்றையும் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறாயா, உனக்காக நாங்கள் அலைந்த அலைச்சல் எல்லாம் எதற்கு என்று என்னென்னமோ. அக்கம்பக்கத்தில் கதவு சாத்திக்கொண்டார்கள். இவள் மட்டும் நல்ல காதை என் பக்கம் திருப்பிக் கடைசிவரை கேட்டாள். முகத்தில் ஒரு தெளிவு வந்த மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் நான் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. வரும் வழியெல்லாம் ஸ்கூட்டியை விரட்டு விரட்டென்று விரட்டி, திருப்புலிவனத்தில் நிறுத்தி, ஒரு கோலி சோடா குடித்துவிட்டு அழுதேன்.

அந்த வாரமே ஒரு காலையில் அவள் அம்மா போன் பண்ணினாள்.

"மேடம், ஓடியாங்க. எம்பொண்ணு குழாயாண்ட சண்ட இஸ்த்துட்டா. செட்டு நடத்துதே அவ அத்த, அதோட கொடத்த எட்டி ஒதச்சிட்டா மேடம். நேத்தும் ஒதச்சா. நேத்து அது ஒன்னும் பேசாம எடுத்துக்கினு போயிடுச்சு. இன்னிக்கு அது ஏசிடுச்சு. அசிங்க அசிங்கமா ஏசிடுச்சு. கேஸ் ஆயிடுமா மேடம்?"

எனக்கு விஷயம் முழுக்கப் புரிந்ததா என்று கேட்டால், இல்லை. சண்டை, அசிங்கம், கேஸ் என்ற மூன்று சொல்லும் போதும், என் கால் தானாகக் கிளம்பிவிடும். போகிற வழியில் யார் யாரிடம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். காலனியில் தெரு காலியாக இருந்தது. எல்லாரும் நடவுக்குப் போய்விட்டார்கள் என்றார் ஒரு கிழவர். இவளும்? இவளும்தான்.

ஏரி மதகுக்குக் கீழே இருக்கும் கழனி. ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியும். குனிந்த முதுகுகளின் வரிசையில் இவள் இடது ஓரத்தில் இருந்தாள். சத்தம் ஸ்கூட்டி இரைச்சலையும் மீறி வந்தது. குழாயடிச் சண்டை அங்கே முடியவே இல்லை. நடவோடு நடவாகக் கழனிக்கு வந்திருந்தது. ஒரு தடவை ஏசியாகிவிட்டது, இனி வாயைக் கட்டி என்ன என்று இவளையும் செட்டில் இறக்கிவிட்டார்கள் போல. செட்டுக்கார அம்மா இவளுக்கு இடது பக்கமாக வரப்பில் நின்று கையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார். இவள் காதில் விழாமல் நட்டுக்கொண்டே இருந்தாள். அந்த அம்மா ஒரு நிமிஷம் நிறுத்தினார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் சேற்றில் இறங்கி, இவள் முதுகுக்குப் பின்னால் மெனக்கெட்டுச் சுற்றி வந்து, வலது பக்கம் நின்றார்.

"இந்தக் காதுதானே கேக்கும் ஒனக்கு? நல்லாக் கேளு. இதுக்குப் பேரு நடவாடி? ரெண்டு நாத்துக்கு நடுவுல மாடு பூந்து போவும் போல கீது. வேன் ஓட்றவன் வூட்ல குந்திக் குந்தி துன்னுட்டு கை மரத்துப் போச்சா?"

"நீ நட்டத மொதல்ல போய்ப் பாரு அத்த. கோணக் கோணயா நட்டு வெச்சிட்டு என்னக் கேக்க வந்துட்ட!"

"ஏய், யாரப் பாத்து…"

இதோ வந்துவிட்டது, புருஷன் பேச்சு. இறங்கித் தடுக்கலாமா என்று வண்டியை ரோட்டோரம் நிறுத்தினேன். ஸ்கூட்டியின் பெயர்ப்பலகையை யாரோ பார்த்துவிட்டார்கள். அவ்வளவுதான், சத்தம் அப்படியே அடங்கியது. அத்தனை பெண்களும் நிமிர்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்கள். செட்டுக்கார அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. "சும்மா வெளாட்டுக்குப் பேசிக்கினு இருந்தோம் மேடம்" என்றார் யாரோ.

இவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. விடுதியில் அந்தச் சாம்பாரைப் பார்த்த அதே பார்வை.

கட்டி வைத்த நாற்று முடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பேறி வந்தாள். இந்தப் பக்கத்தில் நடவு நடக்கும்போது வெளியாள் யாராவது வந்தால், செட்டில் ஒருத்தி ஒரு முடி நாற்றைக் கொண்டுவந்து காலடியில் வைப்பாள். காசு போடாமல் தாண்டக் கூடாது. நிலத்துக்காரர், அதிகாரி, கம்பெனி ஏஜென்ட் என்று வருகிறவர்களுக்கு வைப்பார்கள். அவள் வந்து, சேறு சொட்டச் சொட்ட அந்த முடியை என் ஸ்கூட்டியின் முன் சக்கரத்துக்கு முன்னால் வைத்தாள்.

"இன்னாக்கா, சும்மா போயிடலாம்னு பாக்கறியா?"

பின்னால் கழனியில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பையைத் துழாவிக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இவளைக் கூட்டிவந்து விட்டவள் நான். எனக்கே வைக்கிறாள், வெளியாளுக்கு வைக்கிற நாற்றை. அவள் கிட்ட வந்து, என் இடது பக்கம் நின்று, தன் நல்ல காதை என்னிடம் கொடுத்து, குரலைத் தாழ்த்தினாள்.

"தை பொறந்ததும் அவன் வரான்க்கா. பெரியவங்களக் கூட்டிக்கினு வரான். அன்னிக்கு நீ வராத."

"நான் வராம எப்படி? அவன் கூட்டத்தோட வருவான். நீ தனியா…"

"நீ வந்தா இவங்கல்லாம் வாய மூடிக்குவாங்க. இப்பப் பாத்த இல்ல? எனக்கு இவங்க வாயி வேணும்க்கா."

காசு போட்டேன். அவள் முடியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். இன்னும் கொஞ்சம் நில்லுங்கள் மேடம் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. வளைவு தாண்டி வண்டியை நிறுத்தினேன். செட்டுக்கார அம்மாவின் குரல் மறுபடி கிளம்பும்வரை அங்கேயே நின்றேன்.

பொங்கல் கழிந்து அவன் வருகிற நாள் அன்று நான் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு மோசமாக நான் எங்கும் உட்கார்ந்ததில்லை. போகாமல் இருப்பது வேலை செய்வது போலவே தெரியவில்லை. தலைவி வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னைக்குத்தானே அவன் வரான்? நீ போகலையா?"

"வர வேணாம்னுட்டா."

"அப்ப யார் பேசுவாங்க?"

"அவங்களே."

தலைவிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் உற்சாகமாகத்தான் இருந்தார். வேறு ஒரு ஊருக்கு இன்னொரு பெண்ணை அனுப்ப வேண்டியிருந்தது. அங்கேயும் அதே போலீஸ் அம்மாவைக் கூப்பிட்டுப் பேச வைக்கலாம், இந்த ஊரில் எவ்வளவு அமைதியாக எல்லாம் நடந்தது பார் என்றார். பேனருக்குக்கூடச் சொல்லிவிட்டாராம். நான் மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். தலைவலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. அவள் நம்பர். "சொல்லு" என்றேன். பதில் இல்லை. போனை எங்கேயோ திறந்து வைத்திருக்கிறாள் போல. ஒரே இரைச்சல். குழாயடி இரைச்சல், கழனி இரைச்சல், எல்லாம் சேர்ந்து ஒரு வாசலில் திரண்ட மாதிரி. அதற்கு நடுவே பெரியவர் ஒருவர், "கொஞ்சம் அமைதியாப் பேசுவோம்மா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"இன்னாத்த அமைதியா?" செட்டுக்கார அம்மா. "எங்க பொண்ணு காத ஒடச்சிட்டு பொடவ எட்த்துக்கினு வந்துகீறான் பேமானி. பொடவய இன்னா காதுலயா கட்டிக்குவா? அத்தனி நாளு அவன் அடிக்கசொல்லோ எங்க போனீங்க பெரியவங்கல்லாம்?"

"நடவு பாதில கீது, களையெடுப்பு கீது, எங்க செட்டு ஆள எவன் இட்டுக்கினு போறது?" இது வேறு ஒருத்தி. கூடப் படித்தவளாக இருக்க வேண்டும். அவளுக்குப் பின்னால் ஊரைக் கூட்டும் ஒரு தொண்டை கேட்டது. அது அவள் அம்மா. மெதுவாகப் பேசுவதை விட்டுவிட்டிருந்தாள்.

அவன் ஏதோ சொன்னான். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவன் பேச்சுக்கு அங்கே இடம் இல்லை. அந்த இரைச்சலில் நான் ஒரே ஒரு குரலைத் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் வந்தது. அவ்வளவு பக்கத்தில் வந்ததால் போனையே காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"நான் வரல. கேக்குதா? வரல. கேக்குதா ஒனக்கு?"

அவன் என்ன பதில் சொன்னான் என்று தெரியாது. போன் கட்டாகிவிட்டது. நான் எழுந்து ஸ்கூட்டி சாவியை எடுத்தேன். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு ஆணியிலேயே திரும்ப மாட்டிவிட்டு, அந்த இன்னொரு ஊர்க் கூட்டத்தை நிறுத்தச் சொல்லித் தலைவியிடம் சண்டை போடப் போனேன். அன்றைக்கு ஜெயிக்கவில்லை. இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மறுநாள் அவளே கூப்பிட்டாள்.

"நேத்து கேட்டுச்சாக்கா?"

"நல்லாவே கேட்டுச்சு. போயிட்டானா?"

"பொடவயயும் தூக்கிக்கினு போயிட்டான். அத்தைக்கு கத்திக் கத்தி தொண்ட கட்டிக்கிச்சுக்கா. அதுக்கும் காலைலருந்து என்னத்தான் திட்டிக்கினு கீது."